ஐந்தாவது ஆள் வரவில்லை

அந்த ஊரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் அவர் செய்த கேட்டுதான் தொங்கும். பூ வைத்த கேட்டு, ஈட்டிமுனை வைத்த கேட்டு, நாய் நுழையாதபடி கீழே நெருக்கிக் கம்பி வைத்த கேட்டு என்று பலவிதம். பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. வெல்டர் என்றால் அவர்தான். ஊரில் இன்னொரு வெல்டரும் இருந்தார். அவரைப் புது வெல்டர் என்பார்கள். அந்தப் புது வெல்டருக்கும் இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது.

வெல்டர் செய்யும் கேட்டுகளுக்கு வர்ணம் அடிப்பவர் பெயிண்டர். இருவரும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கூட்டாளிகள். வீடும் அடுத்தடுத்த வீடு, பள்ளத்தில். ஊரின் கீழ்க்கோடியில் இருக்கும் அறுபது எழுபது வீடுகளுக்குத்தான் பள்ளம் என்று பெயர். மற்ற ஊரெல்லாம் தட்டில் வைத்த மாதிரி மேட்டில் இருக்க, இந்த வீடுகள் மட்டும் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருந்தன. மேட்டில் பெய்கிற மழையெல்லாம் அங்கேதான் வந்து சேரும். வந்த தண்ணீர் போக வழி கிடையாது.

ஒரு மழைக்காலத்தில் பள்ளத்தில் தண்ணீர் இடுப்பளவு ஏறியது. பெயிண்டர் தன் மனைவியை வெளியே கூட்டிப்போகலாம் என்று வீட்டுக் கேட்டைத் திறக்கக் கை வைத்தார். சுவருக்குப் பின்னால் அறுந்து கிடந்த மின்கம்பி அந்தக் கேட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் சத்தம்கூடப் போடவில்லை. ஏதோ யோசனையில் நிற்பவர் போலப் பிடியைப் பற்றியபடி கொஞ்சம் நின்றார். பிறகு சரிந்தார்.

கேட்டின் மேல் குற்றமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். வெல்டருக்கு அது காதில் ஏறவில்லை. கூட்டாளிக்காக மெனக்கெட்டுச் செய்த கேட்டு அது. கைக்கு வாகாக இருக்கட்டும் என்று பிடியை வளைத்து, நுனியை உரசி உரசி வழவழப்பாக்கி வைத்திருந்தார். அந்தப் பிடியில்தான் பெயிண்டரின் கை கடைசியாக இருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் கலைந்த பிறகு பெயிண்டரின் மனைவி அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்தக் கேட்டைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க. போகும்போது வரும்போது என்னால பாக்க முடியல."

வெல்டர் கீலை அறுத்துக் கேட்டை இறக்கினார்.  அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அவள்தான் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கேட்டு என்னண்ணே பண்ணும்? தண்ணி நிக்கிறதுதானே வினை. வருஷா வருஷம் நிக்குது. ஏன்னு கேக்க அந்த நகரசபையில நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர் உண்டா? நீங்க நில்லுங்க. உங்களை எல்லா வீட்டுலயும் தெரியும்."

இப்படித்தான் வெல்டர் தேர்தலில் நின்றார். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவள். வாய் கொஞ்சம் நீளம். முதல் நாள் ஓட்டுக் கேட்கக் கிளம்பியவரை வாசலிலேயே மறித்தாள்.

"மூஞ்சிய நல்லாக் கழுவிட்டுப் போங்க. கரிமூட்டை நடந்து வந்து ஓட்டுக் கேக்குதுன்னு குழந்தைங்க பயந்துக்கும்."

பள்ளத்து ஓட்டு ஒன்றுகூடச் சிதறவில்லை. ஜெயித்துவிட்டார்.

சபையில் ஒன்பது உறுப்பினர்கள். அவர்களில் இருவருக்குத் தலைவர் ஆசை. ஒருவர் பஸ் முதலாளி. மற்றவர் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற டீச்சரம்மா. இவர் பக்கம் நாலு, அவர் பக்கம் நாலு. நடுவில் எந்தப் பக்கமும் சேராமல் வெல்டர். இழுபறி முற்றி, யாரும் விட்டுக்கொடுக்காமல், கடைசியில் இரண்டு தரப்பும் அவரையே தலைவராக்கிவிட்டன. "தங்கமான மனுஷன், நீட்டுன இடத்துல கையெழுத்துப் போடுவாரு" என்று பஸ் முதலாளி சிரித்தது வெல்டரின் காதிலும் விழுந்தது.

தலைவர் அறையில் சுழல் நாற்காலி இருந்தது. தன் கால்சட்டையில் இருக்கும் துருக்கறை ஒட்டிக்கொள்ளுமே என்று அதன்மேல் செய்தித்தாளை விரித்து உட்காருவார். வருஷக்கணக்காக வெல்டிங் ஒளியைப் பார்த்த கண் என்பதால் எப்போதும் நீர் வடிந்துகொண்டிருக்கும். தலைவர் மனுவைக் கையில் வாங்கும்போதே கண்கலங்கிவிடுகிறார் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது. அதைக் கேட்டு ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். "ஊருக்குத் தலைவரு, வீட்டுக்கு விருந்தாளி" என்று மனைவி தட்டை வைக்கும்போதே ஒரு போடு போடுவாள்.

மற்ற வேலைகளை அவர் மற்றவர்கள் சொன்னபடி செய்தார். பள்ளத்து வடிகால் ஒன்றில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நகரசபைக்குப் புதிதாக வந்திருந்த இன்ஜினியர் ஒரு இளம்பெண். கெட்டிக்காரி. வெயிலில் அலைந்து ஊரையே அளந்து திட்டம் போட்டாள். ஒருநாள் வரைபடத்தை மேசையில் விரித்து வெல்டருக்கு விளக்கினாள்.

"தலைவரே, புதுசா எதையும் தோண்ட வேண்டாம். பள்ளத்துலேர்ந்து ஆத்துக்கு ஒரு பழைய வாய்க்கால் இருந்திருக்கு. கடைத்தெருவுக்குப் பின்னால போகுது. கடைக்காரங்க கொஞ்சம் கொஞ்சமா அதுமேலயே கட்டிக்கிட்டு வந்துட்டாங்க. தண்ணி கடைக்குள்ள வராம இருக்க, பள்ளத்து முனையில ஒரு இரும்பு மதகும் போட்டு மூடிட்டாங்க. ஒவ்வொரு கடைக்கும் பின்பக்கம் கொஞ்சம் இடிச்சு வாய்க்காலைத் திரும்ப எடுத்துட்டா, பள்ளத்துல தண்ணி நிக்கவே நிக்காது."

"மதகை மட்டும் திறந்துட்டா?"

"ஐயோ, வேண்டாம். வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கு. தண்ணி நேராக் கடைத்தெருவுக்குள்ள ஏறிடும்."

இடிக்க வேண்டிய கடைகளில் பாதி பஸ் முதலாளியின் சொந்தக்காரர்களுடையவை. எல்லாவற்றிலும் பெரியது சிமெண்ட் கடை. அது வெல்டரின் கூடப்பிறந்த தங்கையின் புருஷனுடையது. கீழே கிடங்கு, மேலே வீடு. அந்த மாப்பிள்ளையும் சபையில் ஓர் உறுப்பினர், பஸ் முதலாளியின் பக்கம்.

பேச்சுவார்த்தை, ஆய்வு, மறுஆய்வு என்று திட்டம் ஆமையாக நகர்ந்தது. அதற்குள் தலையில் இடி விழுந்தாற்போல ஒரு சேதி வந்தது. சின்னச் சின்ன நகரசபைகளையெல்லாம் கலைத்து, பக்கத்துப் பெருநகரத்தோடு சேர்க்கப் போகிறார்கள். மாதக் கடைசியோடு சபை முடிந்துவிடும். பிறகு ஒரு அதிகாரி வந்து பார்த்துக்கொள்வார். மறுபடி தேர்தல் எப்போது என்று கேட்டால், நடக்கும்போது நடக்கும் என்றார்கள்.

கடைத்தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். மனை விலை ஏறுமாம். வெல்டர் இன்ஜினியரின் மேசைக்கு ஓடினார்.

"அப்ப நம்ம வடிகாலு?"

"கலையிறதுக்கு முன்னாடி சபையில தீர்மானம் போட்டுட்டா, பெருநகரம் அதை எடுத்துச் செஞ்சே ஆகணும், தலைவரே. போடலைன்னா…" அவள் வரைபடத்தைச் சுருட்டினாள். "நான் வரைஞ்சது வெறும் படம்தான்."

கூட்டம் செல்லுபடியாக ஐந்து பேர் வந்தாக வேண்டும். பஸ் முதலாளி தன் ஆட்களிடம் யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். பெருநகரத்தில் ஆலோசனைக் குழு ஒன்று வைக்கப் போகிறார்கள், நல்ல பிள்ளையாக இருந்தால் அதில் இடம் கிடைக்கும் என்ற பேச்சு வேறு. டீச்சரம்மா வருவதாக ஒப்புக்கொண்டார். அவர் பக்கத்து முடிதிருத்துபவரும் கோழிக்கடைக்காரரும் வருவார்கள். நாலாவது ஆள் மகளைப் பார்க்க வெளிநாட்டுக்குப் போய்விட்டார். ஆக, வெல்டரோடு நாலு பேர். இன்னும் ஒரு ஆள் வேண்டும்.

பஸ் முதலாளி பக்கத்து மூன்று பேரின் வீட்டுக்கும் ஏறி இறங்கினார் வெல்டர். ஒருவர் வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். ஒருவர் உட்காரவைத்து, உபசரித்து, வானிலையைப் பற்றி மட்டும் பேசி அனுப்பினார். பஸ் முதலாளி நேராகவே சொல்லிவிட்டார். "மூடப் போற கடையில யாராவது புதுக் கணக்கு ஆரம்பிப்பாங்களா வெல்டரே? வர்றவன் பாத்துப்பான். போங்க."

மிச்சம் மாப்பிள்ளைதான். அங்கே போக வெல்டருக்குக் கால் எழவில்லை. இருந்தும் போனார்.

மாப்பிள்ளை கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். புருவத்தில்கூடச் சிமெண்ட் தூசி. மச்சானைப் பார்த்ததும் வந்த காரியம் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மச்சான், ஒண்ணு மட்டும் கேளுங்க. இந்த இடத்த வாங்கும்போது எனக்கு வாய்க்காலும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. என் காலத்துச் சம்பாத்தியம் பூரா இந்தச் சுவருக்குள்ள இருக்கு. இதை இடின்னு நானே கையத் தூக்கணுமா?"

"முழுசா இடிக்கல மாப்பிள்ளை. பின்பக்கம் கொஞ்சம்."

"பின்பக்கச் சுவரு போனா மேல வீடு நிக்குமா? உங்க தங்கச்சி எங்க படுப்பா?"

"இன்ஜினியரம்மா தாங்கு போட்டுத்தான் இடிப்போம்னு சொல்லுது. நான் நின்னு பாத்துக்கறேன். மாப்பிள்ளை, நீங்க கைகூடத் தூக்க வேணாம். எதிர்த்தே ஓட்டுப் போடுங்க. வந்து உக்காந்தாப் போதும். அஞ்சு பேரு ஆயிடும்."

 மாடிப்படியில் தங்கை நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அண்ணன் வாயத் திறந்து இதுவரைக்கும் நம்மகிட்ட எதுவும் கேட்டதில்லங்க" என்றாள்.

மாப்பிள்ளை மூட்டையைத் தட்டினார். தூசி எழுந்தது. "சரி. பாக்கலாம் மச்சான்" என்றார்.

வெல்டர் அதை வருகிறேன் என்றே எடுத்துக்கொண்டார். நாதியற்று நிற்கிறவனுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் நம்பவில்லை. "பாக்கலாம்னு சொன்னாரா? எங்க ஆஸ்பத்திரியில டாக்டர் பாக்கலாம்னு சொன்னா நாங்க சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிடுவோம்" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே மனசு கேட்காமல், மறுநாள் உடுத்த அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்த்து வைத்தாள்.

கூட்டம் காலை பத்து மணிக்கு. வெல்டர் வாசல் கூட்டும்போதே போய் உட்கார்ந்துவிட்டார். டீச்சரம்மா இழுப்பு மருந்துக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். முடிதிருத்துபவர் கடையை அடைத்துவிட்டு வந்தார். கோழிக்கடைக்காரர் கடையை அடைக்காமலே வந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினியர் வரைபடத்தைச் சுவரில் மாட்டினாள். வெளியே வராந்தாவில் பெயிண்டரின் மனைவியும் பள்ளத்துப் பெண்கள் சிலரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "விதிப்படி அரைமணி நேரம் காத்திருக்கலாம், தலைவரே."

வெல்டர் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். தங்கை எடுத்தாள்.

"அவரு குளிச்சிட்டிருக்காருண்ணே."

"சரிம்மா, சரிம்மா. வந்ததும் நேரா கிளம்பி வரச் சொல்லு. எல்லாரும் வந்தாச்சு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டார்.

"இன்னும் குளிச்சிட்டுதான் இருக்காருண்ணே."

கோழிக்கடைக்காரர் சிரித்துவிட்டார். "சிமெண்ட் தூசி இல்லையா தலைவரே, ஊறவெச்சுத்தான் எடுக்கணும்" என்றார். முடிதிருத்துபவரும் சிரித்தார். வெல்டரும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். உதடு கோணியது, சிரிப்பு வரவில்லை. டீச்சரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "வண்டியனுப்பிப் பாருங்க" என்றார். செயலாளரின் மோட்டார் சைக்கிளில் பியூன் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். கடை பூட்டிக் கிடக்கிறதாம். தட்டினால் யாரும் திறக்கவில்லையாம்.

மூன்றாவது முறை போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள்.

"இன்னுமா தங்கச்சி குளிக்கிறாரு?"

 அந்தப் பக்கம் அவள் அழும் சத்தம் கேட்டது. "என்னைய என்னண்ணே பண்ணச் சொல்ற? நான் இங்கதானே வாழணும்" என்றாள்.

வெல்டர் போனை மேசைமேல் வைத்தார். அதை நேராக வைத்தார், பிறகு திருப்பி வைத்தார், பிறகு மறுபடி நேராக வைத்தார். செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"தலைவரே, நேரம் ஆயிடுச்சு. கூட்டம் கூடலைன்னு எழுதிடட்டுமா?"

"இன்னும் கொஞ்சம் இருங்களேன். வழியில வந்துட்டிருப்பாரு."

"விதி இடம் கொடுக்காது, தலைவரே."

"அரைமணிக்கு அரைமணி சேத்தா என்னய்யா ஆயிடும்? யாரு வந்து பாக்கப் போறா?" என்று வெல்டர் மேசையை ஓங்கி அடித்தார். அவர் குரல் உயர்ந்து அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து கதவுப் பக்கம் வந்தார்கள். பெயிண்டரின் மனைவி அறைக்குள் பார்த்தாள், காலியாக இருந்த நாற்காலிகளைப் பார்த்தாள், திரும்பி நடந்தாள். இன்ஜினியர் வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள்.

மாதம் முடிந்தது. சபையும் முடிந்தது. பெருநகரத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனுஷர், எழுந்து நின்று கைகொடுப்பவர். வெல்டர் போகும்போதெல்லாம் "மேல எழுதியிருக்கேன்" என்பார். இன்ஜினியரை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். தலைவரே என்று வாய் நிறைய அழைத்த செயலாளர் இப்போது அண்ணே என்றார். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லைதான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் வெல்டருக்கு நெஞ்சில் ஊசி குத்தியது.

அடுத்த மழை சொல்லிக்கொண்டு வரவில்லை. ஒரு பகலும் இரவும் ஓயாமல் கொட்டி, விடிந்தும் விடவில்லை. வெல்டர் முதல் வேலையாக ஓடிப்போய்ப் பள்ளத்துக்கு மின்சாரத்தை நிறுத்தவைத்தார். திரும்பி வரும்போது தண்ணீர் தொடைக்கு ஏறியிருந்தது. முன்பெல்லாம் நகரசபையில் ஒரு லாரி நிற்கும், கயிறும் ஆட்களும் இருப்பார்கள். அதெல்லாம் பெருநகரத்துக்குப் போய்விட்டது. அவர்கள் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தார். ஒரு பெண்குரல் வணக்கம் சொல்லி, புகாருக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினார். உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது என்றது. நன்றியும் சொன்னது. அதிகாரிக்குப் போட்டார். "நானும் வழியில மாட்டிக்கிட்டேன் சார், பாலம் மூழ்கிடுச்சு" என்றார் அவர். 

நடக்க முடிந்தவர்கள் நடந்து மேடேறினார்கள். மற்றவர்களை மாடி வைத்த இரண்டொரு வீடுகளின் மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். பெயிண்டரின் மனைவிக்குப் படுத்த படுக்கையாய் ஒரு மாமியார் இருந்தாள். அவளை மேசைமேல் கட்டில் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். தண்ணீர் மேசையையும் தாண்டி ஏறியது. மருமகள் கட்டில் காலைப் பிடித்தபடி மார்பளவுத் தண்ணீரில் நின்றாள்.

"வெளிய வாம்மா, அந்த அம்மாவை நான் தூக்கறேன்" என்றார் வெல்டர்.

"தூக்கி எங்கண்ணே வைப்பீங்க? மாடி பூரா ஆளு. தண்ணி இழுக்கற இழுவையைப் பாருங்க, தெருவைத் தாண்ட முடியுமா? போன தடவை அவரு. இந்தத் தடவை நாங்களா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

வெல்டர் நீந்தாக்குறையாகப் பட்டறைக்குப் போனார். பட்டறை கொஞ்சம் மேட்டில் இருந்தது. காஸ் கட்டரையும் இரண்டு சிலிண்டர்களையும் தள்ளுவண்டியில் ஏற்றினார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த மனைவி நனைந்துகொண்டே வந்து வண்டியைப் பிடித்தாள். எங்கே போகிறார் என்று கேட்கவில்லை.

"அந்தப் பக்கம் உங்க தங்கச்சி வீடு இருக்குங்க."

"தெரியும்."

"ஜெயில்ல போடுவாங்க."

"தெரியும்டி."

அவள் வண்டியை விடவில்லை. பிறகு பின்னால் போய்த் தள்ள ஆரம்பித்தாள்.

மதகுக்குப் போகும் முன் வெல்டர் கடைத்தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். மதகைத் திறக்கப் போவதாகச் சொன்னார். சரக்கைத் தூக்குங்கள், மாடிக்குப் போங்கள் என்றார். யாரும் நம்பவில்லை. சிமெண்ட் கடைக்கு அவரே போனார். "மாப்பிள்ளை, மூட்டையத் தூக்குங்க. நானும் கை போடறேன். முடிஞ்சவரைக்கும் தூக்கிட்டு அப்புறம் போறேன்."

மாப்பிள்ளை அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "யாரைக் கேட்டுத் திறக்கற? நீ இப்ப தலைவரு இல்ல. வெறும் வெல்டரு." இத்தனை வருஷத்தில் அவர் மச்சானை ஒருமையில் பேசியது அன்றுதான்.

"ஆமா மாப்பிள்ளை. வெறும் வெல்டருதான். அங்க ஆளுங்க சாகப் போறாங்க. இங்க சரக்குதான் போகும். நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

மாப்பிள்ளையின் பிடி தளர்ந்தது.  பிறகு, என்ன நினைத்தாரோ, திரும்பி ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறினார். வெல்டரும் ஒன்றைத் தூக்கினார். இரண்டு நடைதான் போயிருப்பார்கள். பள்ளத்தின் பக்கமிருந்து ஓலம் கேட்டது. வெல்டர் கையிலிருந்த மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினார்.

மதகின் மேற்சட்டத்தில் ஏறி உட்கார்ந்து அறுத்தார். மனைவி அவர் தலைக்குமேல் ஒரு தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துரு ஏறி ஒட்டிப்போன இரும்பு லேசில் விடவில்லை. ஒரு பக்கத் தாங்கு அறுந்ததும் மதகு முனகியது. மறுபக்கம் பாதிகூட அறுக்கவில்லை, தண்ணீரே மிச்சத்தைப் பிய்த்துக்கொண்டது. தகடு ஒரே புரட்டாகப் புரண்டு போனது. கட்டரும் போனது. வெல்டரும் போயிருப்பார். மனைவி தகரத்தை எறிந்துவிட்டு அவர் முடியைப் பிடித்து இழுத்தாள். இடது உள்ளங்கை வெந்து தோல் உரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் வரை அது அவருக்குத் தெரியாது.

மாலைக்குள் பள்ளத்தில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. கட்டிலில் கிடந்த மூதாட்டி பிழைத்தாள். மருமகளும் பிழைத்தாள். கடைத்தெருவில் தண்ணீர் கதவுக் கொண்டியைத் தொட்டது. உயிர்ச்சேதம் ஒன்றும் இல்லை. ஆனால் துணிக்கடை, மருந்துக்கடை, அச்சாபீஸ் எல்லாம் போயிற்று. சிமெண்ட் கிடங்கில் அடுக்கியிருந்த அத்தனை மூட்டையும் தண்ணீர் குடித்து இறுகி, சாக்கோடு சாக்காக ஒட்டிக்கொண்டு ஒரே பாறையாகிவிட்டது.

பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக வெல்டர்மேல் வழக்குப் போட்டார்கள். முதல் சாட்சி மாப்பிள்ளை. கை ஆறியதும் வெல்டர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு சிமெண்ட் கடைக்குப் போனார். அந்தப் பாறையையாவது உடைத்து அள்ளிக் கொடுக்கலாம் என்று நினைப்பு.

"அதைத் தொடாதீங்க" என்றார் மாப்பிள்ளை வாசலிலேயே. "வழக்கு முடியற வரைக்கும் அசைக்கக் கூடாதாம். சாட்சியமாம்." பிறகு கசப்பாகச் சொன்னார், "நான்தான் இதோட வாழ்ந்துக்கிட்டிருக்கேன்."

தங்கை மாடியிலிருந்து இறங்கி வரவில்லை. அவள் துணி துவைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வெல்டர் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

பெருநகரம் இந்த முறை வேகமாக வேலை பார்த்தது. இரும்பு மதகு இருந்த இடத்தில், இனி யாரும் அறுக்க முடியாதபடி, கனமான கான்கிரீட் சுவரை எழுப்பியது. பள்ளம் குடியிருக்கத் தகுதியற்றது என்று அறிவித்தது. ஊருக்கு வெளியே வெகுதூரத்தில் அடுக்குவீடுகள் ஒதுக்கினார்கள். பெயிண்டரின் மனைவி மாமியாரோடு அங்கே போய்விட்டாள். போகும்போது, "எங்களைக் காப்பாத்துனீங்க அண்ணே" என்றாள். "ஆனா பள்ளத்தை நம்மால காப்பாத்த முடியல" என்றும் சொன்னாள். சிலர் அப்படிப் பேசவில்லை. வெல்டர் கைவைத்ததால்தான் நம்மை விரட்டுகிறார்கள் என்றார்கள். அவர் காதுபடவே சொன்னார்கள்.

வழக்கும் பெருநகரத்து நீதிமன்றத்தில்தான். தேதி வரும்போதெல்லாம் குற்றவாளியும் சாட்சியும் ஒரே பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. பஸ் முதலாளியின் பஸ்தான். வேறு பஸ் கிடையாது. போன தடவை வெல்டர் ஏறியபோது எல்லா இருக்கையும் நிறைந்திருந்தது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு இடம் இருந்தது. அதில் அவருடைய பை இருந்தது. மாப்பிள்ளை பையை எடுக்கவில்லை. வெல்டரும் கேட்கவில்லை. வெந்து தழும்பேறிய கையை மார்போடு வைத்துக்கொண்டு, நல்ல கையால் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே போனார்.

பாதி வழியில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை ஜன்னல் வழியாக மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"பள்ளத்துல இன்னும் யாராவது இருக்காங்களா?"

"ஏழெட்டு வீடு இருக்கு மாப்பிள்ளை. நாங்களும் அங்கதான் இருக்கோம்."

 வழக்கை அன்றும் தள்ளிவைத்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸிலும் வெல்டர் நின்றுகொண்டேதான் வந்தார். ஊர் எல்லையில் முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது. நிறுத்தம் வருவதற்கு முன்பே, பஸ் மெதுவாகத் திரும்பிய இடத்தில் வெல்டர் குதித்து இறங்கி, பள்ளத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.